வலி வாரியத்தின் மாதிரி வீரர்

வாரியத்தைக் குறை சொல்லுகிறவர்கள் முதலில் அதன் வரவேற்புக் கூடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். முன்னாள் படைவீரர் வலி நிர்ணய மேல்முறையீட்டு வாரியம் திருவனந்தபுரத்தில் கவடியார் போகிற வழியில், ஒரு பழைய பங்களாவில் இருக்கிறது. பெயர்ப்பலகையின் நீளத்துக்கு மதில் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகள் பக்கத்து வீட்டு மதிலுக்குப் போயிருக்கின்றன. கூடத்தில் தேக்கு நாற்காலிகள் இரண்டு வரிசை. ஒவ்வொன்றின் முதுகிலும் 'உடல்குறை அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். அங்கீகாரம் கிடைத்தவர்களுக்கு மேல்முறையீட்டில் வேலையில்லை, அவர்கள் வரமாட்டார்கள். வருகிறவர்களுக்கு அங்கீகாரம் இல்லை. ஆகவே நாற்காலிகள் வாங்கிய அன்றைய பளபளப்போடு இருக்கின்றன. முதுகு போனவர்கள், முட்டி போனவர்கள், காலில் குண்டுச் சில்லு உள்ளவர்கள் எல்லோரும் சுவரோரமாக நிற்கிறார்கள். பட்டாளத்தில் இருந்தவர்கள் ஆனதால் வரிசை கோணாமல் நிற்கிறார்கள். அரசாங்கச் சொத்தை இவ்வளவு அக்கறையோடு பாதுகாக்கும் அலுவலகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அப்படி நின்றவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் பகவதிப்பெருமாள். சிக்னல் பிரிவில் டெலிபோன் கம்பி இழுக்கிறவராக இருந்தவர். காஷ்மீரத்துப் பனியில் கேபிள் உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கியதில் அவர் இளமை கழிந்தது. இப்போது கரமனையில் வாடகை வீடு. கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவல் வேலை. காவல் என்றால் திருடனைப் பிடிப்பது இல்லை. காரிலிருந்து யார் இறங்கினாலும் விறைப்பாக ஒரு சல்யூட் அடிக்க வேண்டும். காலையில் கடை திறப்பதிலிருந்து ஷட்டர் இறக்கும் வரை உட்காரக் கூடாது. காவல்காரன் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் கல்யாணப் பட்டு வாங்க வருகிறவர்களின் உற்சாகம் குறைந்துவிடும் என்று முதலாளி ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார்.

பெருமாளுக்கு உடம்பு முழுக்க வலி. தோளில் தொடங்கும், கழுத்துக்குப் போகும், இடுப்பில் கொஞ்ச நாள் தங்கும், முட்டிக்கு இறங்கும். தூக்கம் பிடிக்காது. பிடித்தாலும் விடியும்போது ராத்திரி முழுக்க மூட்டை சுமந்தவர் மாதிரி எழுந்திருப்பார். சட்டை உரசினாலே நோகிற நாட்களும் உண்டு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு லேடி டாக்டர் இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததில் பெருமாளுக்குப் பாதி நோய் குறைந்தது போல இருந்தது. மறுநாள் கடை வாசலில் நின்றபோது அந்தப் பாதியும் திரும்பி வந்துவிட்டது.

வாரியத்திடம் அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வலி பட்டாளத்தில் வந்தது என்று ஒப்புக்கொண்டால் உடல்குறை ஓய்வூதியம் கிடைக்கும். கிடைத்தால் கடை வேலையை விட்டுவிடலாம். விட்டுவிட்டு உட்காரலாம். மனுஷனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், உட்கார வேண்டும்.

முதல் விசாரணையை நடத்தியவர் வாரியத்தின் மருத்துவ உறுப்பினர் மேஜர் சுமந்த். நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார்.

"வலியை முதல்ல எங்க ரிப்போர்ட் பண்ணீங்க?"

"ஜபல்பூர்ல சார்."

"ஜபல்பூர் பீஸ் ஸ்டேஷன் ஆச்சே. அங்க யுத்தம் இல்ல, பனி இல்ல. வலி எப்படி வந்துச்சு?"

"வலி மலை மேலேயே வந்தாச்சு சார். அங்க வச்சு சொன்னா கீழ எறக்க ஹெலிகாப்டர் வரணும். கிளைமேட் மோசம். ஜபல்பூர் போன பொறவு சொல்லிக்கிடலாம்னு சுபேதார் சாப் சொன்னாரு."

மேஜர் அனுதாபத்தோடு தலையாட்டினார். "அப்ப நீங்கதான் அதை ஜபல்பூருக்குக் கொண்டுவந்திருக்கீங்க. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க? வலி எந்த ஊர்ல முதல்ல சொல்லப்படுதோ அந்த ஊர்லதான் பிறந்ததுன்னு விதி. குழந்தைக்கே அப்படித்தானே சர்டிஃபிகேட் குடுக்கறோம்?"

ஆனாலும் வாரியம் ஒருவரைச் சோதிக்காமல் அனுப்பிவிடாது. உடம்பில் பதினெட்டு இடங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அந்தச் சோதனை. விரல்நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்த வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதற்காக மேஜரின் வலது கட்டைவிரலை வடக்கே எங்கோ அனுப்பி, அதாவது மேஜரோடு சேர்த்து அனுப்பி, தரச்சான்று வாங்கியிருந்தார்கள். தென்மண்டலத்தில் சான்று பெற்ற விரல் அது ஒன்றுதான். ஒருமுறை அந்த விரலில் நகச்சுத்தி வந்தபோது வாரியம் ஒரு மாதம் மூடிக் கிடந்தது.

அழுத்தும்போது கேட்க வேண்டிய கேள்வியும் விதியில் இருக்கிறது. "கோயி தக்லீஃப்?" ஏதாவது கஷ்டம் உண்டா என்று அர்த்தம். பட்டாளத்தில் தினமும் சாயங்காலம் ஆள் எண்ணி முடிந்ததும் அதிகாரி கேட்கிற கேள்வி இது. அத்தனை பேரும் ஒரே குரலில் "நஹி சாப்!", இல்லை ஐயா, என்று சொல்ல வேண்டும். கேள்வியின் முடிவில் கேள்விக்குறி இருப்பது பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. பெருமாள் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே பென்ஷன் வாங்கியவர். காய்ச்சலில் சொல்லியிருக்கிறார். அப்பா இறந்த தந்தி வந்த அன்று சாயங்காலமும் சொல்லியிருக்கிறார்.

மேஜர் கழுத்தின் பின்பக்கம் அழுத்தினார். "கோயி தக்லீஃப்?"

பெருமாளின் கண்ணில் தண்ணீர் முட்டியது. குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. "நஹி சாப்!"

பதினெட்டு இடத்திலும் அதே கேள்வி, அதே பதில். கடைசி இடத்தில் பதில் கூடம் வரை கேட்டது. கூடத்தில் நின்றிருந்த இரண்டு பேர் தங்களை அறியாமல் விறைப்பாக நின்றார்கள். மேஜர் எழுதினார்: வலி இல்லை என்று மனுதாரரே உரக்கத் தெரிவித்தார்.

வீட்டில் நாச்சியார் இதைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவள் போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அட்டைக்கடிக்கும் கங்காணிக்கும் பயப்படாமல் வளர்ந்தவள்.

"இல்லன்னா சொல்லிட்டு வந்திய?"

"ஆமா."

"பதினெட்டு எடத்துலயுமா?"

"அவரு கேட்ட கேள்வி அப்பிடி. வாயில தானா வந்துட்டு."

"வீட்டுல எனக்க கையி அறியாம பட்டா மூஞ்சிய சுளிக்கிய. அங்க போயி இல்லன்னு கூவிட்டு வாறியளா? எந்தாணு இது? ஒரு வாக்கு, வலிக்குன்னு ஒரே ஒரு வாக்கு சொல்ல ஒக்காதா?"

மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது. இரும்புப் பெட்டியிலிருந்து பெருமாளின் பழைய தொப்பியை எடுத்து நாச்சியார் தலையில் மாட்டிக்கொண்டாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகி, அவர் எதிரே நின்று, தோளில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். "கோயி தக்லீஃப்?"

"நஹி சாப்!"

"எனக்க தல! ஹை சாப்னு சொல்லணும். இன்னொருக்க."

"நஹி... நஹி சாப்."

அடுப்பில் பருப்பு கரிகிற வரைக்கும் நடந்தது. பெருமாள் தோற்றுக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நின்று சிரித்தார்கள். கடைசியில் நாச்சியார் தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அமுக்கின இடத்தை உள்ளங்கையால் தடவினாள்.

"ரொம்ப வலிக்கா?"

பெருமாள், "வலிக்கு நாச்சியாரே. தாங்கதுக்கு முடியல்ல," என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னதும் அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

வாரியத்தில் இப்படிக் கேட்பதற்கு விதியில் இடமில்லை.

இரண்டாம் விசாரணைக்கு வாரியத் தலைவரே வந்திருந்தார். ஓய்வுபெற்ற பிரிகேடியர். பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்தவர், ஆனால் அதை யாராவது நினைவுபடுத்தினால் அவருக்குப் பிடிக்காது. மேஜர் அழுத்தினார், கேட்டார். பெருமாள் நாச்சியாரின் முகத்தை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, "ஹ..." என்று ஆரம்பித்தார்.

"க்யா?" என்றார் தலைவர்.

'என்ன?' என்கிற அந்த ஒரு அதட்டலில் எல்லாப் பயிற்சியும் போயிற்று. "நஹி சாப்! குச் நஹி சாப்!" குதிகால் சேர்ந்த சத்தத்தில் மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது.

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு மனம் நெகிழ்ந்தால் பேசாமல் இருக்க முடியாது.

"மேஜர், இவனைப் பாருங்க. சிவில் டாக்டர் இவனுக்கு என்னமோ வியாதின்னு எழுதிக் குடுத்திருக்கா. இருக்கட்டும். வியாதி இருக்கு, வலி இல்ல! இதுதான் சோல்ஜர். நான் முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் பண்ணேன். ஒரு நாள் முதுகு வலின்னு படுத்ததில்ல. தினம் கோல்ஃப். என் பேகைத் தூக்கிட்டு வந்த பையனுக்குத்தான் எப்பப் பார்த்தாலும் முதுகு வலிக்கும். அவனை நடக்க விட்டே குணப்படுத்தப் பார்த்தேன். ஆறு மாசத்துல மெடிக்கல்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த பையன் வந்தான், அவனுக்கும் முதுகு. அவனுக்கப்புறம் வந்தவனுக்கும். பேக் அதேதான், கோர்ஸ் அதேதான், கூடவே நடந்தவன் நான். எனக்கு வரலையே! அப்ப இது பேகோட குத்தமா, பையன்களோட குத்தமா?"

தலைவர் பதிலை எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பெருமாளின் மனு தள்ளுபடி, அது தனி. ஆனால் இப்படிப்பட்ட ஆளை வாரியம் கைவிடக் கூடாது. ஒப்பந்த அடிப்படையில் 'மாதிரி வீரர்' என்று ஒரு பதவி உண்டாக்கப்பட்டது. யாராவது இதே நோய் என்று மனுவோடு வந்தால், சான்று பெற்ற விரல் முதலில் அந்த ஆளை அழுத்தும். பிறகு அதே இடத்தில் பெருமாளை அழுத்தும். அதே நோய், அதே விரல், அதே இடம். ஒருவருக்கு வலிக்கிறது, ஒருவருக்கு வலிக்கவில்லை. ஆகவே வலி நோயிலிருந்து வருவதில்லை, அந்த ஆளின் குணத்திலிருந்து வருகிறது. குணக்கேட்டுக்கு அரசாங்கம் ஓய்வூதியம் தருவதில்லை.

பிரிவு எழுத்தர் ஷிபு கூடத்துக்கு வந்து பெருமாளிடம் விவரம் சொன்னான். "அண்ணா, லக்கு அடிச்சது. பக்கத்து ரூம்ல ஃபேன் உண்டு, குஷன் வச்ச கசேர உண்டு. ஆளு வரும்போ மட்டும் எழும்பினா மதி. பாக்கி நேரம் முழுக்க இரிக்காம்."

"உக்காரலாமா?"

"இரிக்கதுதானே அண்ணா ஜோலி."

தன்னை வைத்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பது பெருமாளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. ஆனால் குஷன் வைத்த நாற்காலி என்று கேட்டதும் அவர் முட்டி இரண்டும் அவருக்கு முன்னால் சம்மதம் சொல்லிவிட்டன. அன்றே ஜவுளிக்கடை மேனேஜர் விபினிடம் போய் வேலையை விட்டார். வீட்டில், "வாரியத்துலயே உக்காந்துக்கிட்டு ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்காங்க," என்று மட்டும் சொன்னார். நாச்சியார் கரமனை பகவதிக்கு விளக்குப் போட்டாள்.

வாரியத்தின் வேலை இப்போது மின்னல் வேகத்தில் நடந்தது. மனுதாரர் வருவார். மேஜர் அழுத்துவார். இவர்கள் பெருமாளைப் போல ஊமையாக இருந்தவர்கள் அல்ல. வருஷக்கணக்கில் தள்ளுபடி வாங்கி வாங்கி, கெஞ்சவும் அலறவும் பழகியிருந்தார்கள். ஒருவர் தோளில் விரல் பட்டதும் குழந்தை மாதிரி அழுதார். பிறகு பக்கத்து அறைக் கதவு திறக்கும், பெருமாள் வந்து நிற்பார், விரல் பதியும், "நஹி சாப்!" அழுதவர் வாயைப் பொத்திக்கொண்டு பெருமாளைப் பார்ப்பார். பெருமாள் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். அதற்குமேல் வாதிட ஒன்றும் இருக்காது.

ஒரு நாளைக்குப் பல பேர் வந்தார்கள். ஆளுக்குப் பதினெட்டு இடம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பெருமாளின் கழுத்திலும் தோளிலும் விரல் பட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருக்கும். கடையில் நின்றபோதுகூட இவ்வளவு வலி இல்லை. ஆனால் நடுவில் உட்கார முடிகிறதே என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். நாச்சியார் கேட்டால், "ஏசி காத்து," என்றார். அந்த அறையில் ஏசி கிடையாது.

ஒருநாள் காலையில் போனக்காட்டிலிருந்து இசக்கி வந்தான். நாச்சியாரின் சின்னம்மை மகன். அவனும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். அவனுக்கும் இதே நோய், கூடவே வயிற்றுக் கோளாறும், மறதியும். லாரி ஓட்ட முடியாமல் தோட்டத்து லயத்தில் முடங்கிக் கிடந்தான். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததில் முகம் வெளிறியிருந்தது.

"இன்னிக்கி எனக்க கேஸு, அக்கா. அதான் ஒங்கள ரெண்டு பேரையும் பாத்துட்டுப் போலாம்னு."

நாச்சியார் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். "பயப்படாதல. அத்தான் அங்கதான் ஜோலி பாக்காரு. கூட்டிட்டுப் போவாரு."

"அப்பிடியா அத்தான்?" இசக்கியின் முகம் தெளிந்தது. "அப்பம் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அங்க ஒரு ஆளு இருக்கானாமே, மாதிரின்னு? நம்மள அமுக்கிட்டு அவன அமுக்குவானுவளாம், அவன் கல்லு மாதிரி நிப்பானாம். எங்க பட்டாலியன்ல ஒருத்தன் சொன்னான், அவனாலதான் கேஸு போச்சுன்னு. கைக்கூலி வாங்கிட்டு நிக்கவன் வெளங்குவானா அத்தான்? அவன் நாசமாப் போவான்."

பெருமாள் டம்ளரைப் பார்த்தபடி இருந்தார். சாயா ஆறியது. நாச்சியார் அவர் கழுத்தைப் பார்த்தாள். கன்றிப்போன இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கழுத்தின் பின்பக்கம், தோளின் மேல்பக்கம், முழங்கையின் உள்பக்கம். அவள் தொப்பி போட்டுக்கொண்டு அமுக்கிப் பழகின இடங்கள்தாம்.

அவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "நானும் வாறேன்," என்றாள். பஸ்ஸில் பெருமாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஒங்களுக்கு இரிக்கணும்னுதான் நான் ஒறங்காம சாமி கும்பிட்டேன். இப்பிடி இரிக்கதுக்கில்ல."

வாரியத்தில் நாச்சியார் கூடத்தில் மற்றவர்களோடு நின்றாள். இசக்கியை உள்ளே கூப்பிட்டார்கள். பெருமாள் பக்கத்து அறையில் குஷன் நாற்காலியில் இருந்தார். சுவருக்கு அப்பால் இசக்கியின் அலறல் கேட்டது. லாரி ஓட்டும்போது மலைச் சரிவில் உருண்டு எழுந்தவன் அவன். பொய்யாக அலறத் தெரியாதவன். பிறகு கதவு திறந்தது.

இசக்கி சட்டையில்லாமல் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "அத்தான்," என்றான். இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

தலைவர் உற்சாகமாக இருந்தார். "பார்த்துக்கோ. இவரும் உன் வியாதிக்காரர்தான். ஸ்டார்ட், மேஜர்."

விரல் பெருமாளின் தோளில் பதிந்தது. நேற்றுக் கன்றின இடத்தின்மேலேயே பதிந்தது. "கோயி தக்லீஃப்?"

குதிகால்கள் சேர்ந்தன. வாயும் திறந்துகொண்டது. பெருமாள் வாயை மூடினார். மூடினது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் அவர் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

"க்யா?" என்றார் தலைவர்.

"ஹை சாப்," என்றார் பெருமாள். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. பிறகு தமிழில், கொஞ்சம் பலமாக, "வலிக்குது சார். பதினெட்டு எடத்துலயும் வலிக்குது. மலை மேல வச்சே வலிச்சது. இந்த ரூமுல தெனமும் வலிச்சது. இவன் பொய் சொல்லல்ல. வந்தவங்க யாரும் பொய் சொல்லல்ல. நான்தான் சார் பொய் சொன்னேன்," என்றார்.

மேஜர் தம் கட்டைவிரலைப் பார்த்தார், சான்று காலாவதியாகிவிட்டதோ என்று. தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. ஒரு நல்ல கருவி கெட்டுப்போனால் வரும் வருத்தம்.

ஆனால் வாரியம் உணர்ச்சிவசப்படும் வாரியம் அல்ல. விதிப்புத்தகம் வந்தது. தலைவர் வாசித்து முடித்து, தீர்ப்பை அங்கேயே சொன்னார்.

"பெருமாள், நீ வலி இருக்குன்னு சொல்றே. வாரியம் அதை முழு மனசோட ஏத்துக்கறது. எங்களை இரக்கமில்லாதவங்கன்னு யாரும் சொல்லிடக் கூடாது. ஆனா ஜபல்பூர்ல சொன்னதை நீயே இங்க 'நஹி'ன்னு அழிச்சுட்டே. இப்ப ரெக்கார்டுல நீ வலின்னு சொல்றது இன்னிக்குத்தான், இந்த ரூம்லதான். அதனால உன் வலி இன்னிக்கு இந்த ரூம்ல பிறந்திருக்கு. இந்த ரூம் ஒரு பீஸ் ஸ்டேஷன். இதைவிட அமைதியான இடம் இந்த தேசத்துலயே கிடையாது. அப்புறம், வலி உள்ள ஆளை மாதிரியா வச்சுக்க முடியாது, உனக்கே தெரியும். இன்னியோட நீ போகலாம்." அவர் இசக்கியின் பக்கம் திரும்பினார். "உன் விஷயம் கஷ்டம்தான். ஒப்பிட ஆள் இல்லாததால உனக்கு வலிக்குதா இல்லையான்னு எங்களால சொல்ல முடியல. சொல்ல முடியாத வலியை விதி இல்லாத வலின்னுதான் எடுத்துக்கும்."

இசக்கி சட்டையை மாட்டிக்கொள்ள முடியாமல் தடுமாறினான். பெருமாள் அவன் கையைச் சட்டைக்குள் நுழைத்துவிட்டார். இருவரும் வெளியே வந்தார்கள்.

கதவு சாத்தியிருந்தாலும் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. சுவரோரமாக நின்றவர்கள் பெருமாளைப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் முன்பு அந்த அறையில் அவரைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து போனவர்கள், மறுபடி மனு போட்டு வந்திருந்தார்கள். யாராவது திட்டியிருந்தால்கூடப் பெருமாளுக்குத் தேவலை.

"சொன்னியளா?" என்று கேட்டாள் நாச்சியார், அவர் வாயாலே கேட்க வேண்டும் என்பதுபோல.

"சொன்னேன்."

"கிட்டிச்சா?"

"இல்ல."

நாச்சியார் அவர் கையைப் பிடித்தாள். பெருமாள் கூடத்தின் நடுவில், வெறும் தரையில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலை நீட்டினார். இசக்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நாச்சியாரும் உட்கார்ந்தாள்.

ஷிபு ஓடி வந்தான். "அய்யோ அண்ணா, இவிட இரிக்கக் கூடாது. ஆரெங்கிலும் கண்டா பிரச்சனையாவும்."

"வலிக்கு ஷிபு," என்றார் பெருமாள்.

சுவரோரம் நின்றவர்களில் ஒருவர், பட்டாளத்தில் நாயக்காக இருந்து முட்டி போனவர், சுவரில் முதுகை உரசிக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தார். அவருக்கு அடுத்தவரும் உட்கார்ந்தார். யாரும் ஆணை கொடுக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக வரிசை முழுதும் தரைக்கு வந்தது. சிலருக்கு உட்காருவதற்கே நெடுநேரம் ஆயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். கூடத்தில் முனகல் கேட்டது. அதை யாரும் அடக்கிக்கொள்ளவில்லை.

உள்ளே இருந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குரியவர் கையைத் தரையில் ஊன்றினார், எழுந்திருக்கப் பார்த்தார், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். அழைத்தும் ஆஜராகவில்லை, தள்ளுபடி என்று தலைவரின் குரல் கேட்டது. அடுத்த பெயர். அதுவும் தள்ளுபடி. பெயர்கள் வேகமாக வரத் தொடங்கின. ஒவ்வொருவரும் தம் பெயரைத் தரையில் உட்கார்ந்தபடி கேட்டார்கள். கேட்டவர்கள் அழுதார்கள், ஒருவர் சிரித்தார், யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் வாரியத்தில் நிலுவை என்று ஒரு மனுவும் இல்லை. நாட்டில் எந்த வாரியமும் செய்யாத சாதனை. தலைவர் மேஜரின் விரலைப் பிடித்துக் குலுக்கினார், பின்வாசல் வழியாகக் காரில் ஏறிப் போனார். அந்த ஆண்டுக்கான பாராட்டுக் கேடயம் இந்த வாரியத்துக்குத்தான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஷிபு விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தான். சாவிக்கொத்தோடு பெருமாளுக்கு முன்னால் நின்றான். மறுநாள் ஜவுளிக்கடைக்குப் போய் விபினிடம் பழைய வேலையைக் கேட்க வேண்டும், கிடைத்தால் காலை முதல் நிற்க வேண்டும் என்று பெருமாள் நாச்சியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பூட்டணும். எழும்புங்கோ."

பெருமாள் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருந்துக்கிடுதேன் ஷிபு," என்றார். "வலிக்கு."